வெள்ளை வேட்டியும் கறுத்த சீசாவும்: முதன்முதலாக நிறுவல் கலை செய்ய வருகிறவர்களுக்கு

நெல்லையில் 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து நாலைந்து நாள் கழித்துத் தாமிரபரணி ஆற்றங்கரைப் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கரையோரத்து மரங்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, பிளாஸ்டிக் பைகளும் பழைய சேலைகளும் சாக்குத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஆறே கோடு போட்டு வைத்தது போல இருந்தது. குறுக்குத்துறைப் பக்கம் நான் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, குளிக்க வந்த ஓர் அண்ணாச்சி, "என்னவே, மரத்தப் பாத்துக்கிட்டு நிக்கீரு?" என்றார். கையைக் காட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாம போட்டத நமக்கே காட்டுதுவே" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நிறுவல் கலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் அந்த மரங்களைத்தான் சொல்கிறேன். ஓர் இடத்தில், அந்த இடத்துக்கென்றே சில பொருட்களை வைத்து, அங்கே வந்து நிற்கிறவர் தன் உடம்பாலேயே ஒன்றை உணரும்படி செய்வது. இன்ஸ்டலேஷன் என்பார்கள், நிர்மாணக் கலை என்றும் எழுதுவார்கள். பெயர்தான் புதுசு. வீட்டுக் கொலு, கார்த்திகைக்குக் கொளுத்தும் சொக்கப்பனை, கோயில் கொடைக்குப் போடும் பந்தலும் படையலும் என்று நமக்கு இது கை பழகின வேலைதான், அதனால் 'எனக்கு வரையவே வராதே' என்று தயங்க வேண்டாம். எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர், ஓவியம் முறையாகப் படித்தவர் ஒருவர்தான். நான் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன், ஊரில் தொங்கும் குப்பையில் என் பங்கும் உண்டு. இதுவரை ஐந்தாறு வேலைகள் செய்திருக்கிறோம், பெரும்பாலானவற்றில் சொதப்பியிருக்கிறோம். அந்தச் சொதப்பல்களை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடங்கள்

பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் மொத்தத் தாமிரபரணியையும் பற்றி ஒரு படைப்பு செய்யப்போகிறோம் என்று கிளம்பினால் கடைசியில் ஒரு நீலத் துணியை விரித்து அதன்மேல் நாலு பாட்டிலைப் போட்டு வைப்பீர்கள். நாங்கள் முதலில் யோசித்ததும் அதுதான். ஒரு படித்துறை, அல்லது வாய்க்காலில் இருநூறு மீட்டர், அல்லது ஒரே ஒரு தெரு என்று சுருக்கிக்கொள்ளுங்கள். அங்கே காலை ஆறு மணிக்கு ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பாருங்கள், கறிக்கடைக் கழிவு எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

பாளையங்கால்வாயை எடுத்துக்கொண்டால், பாசனத்துக்கென்று வெட்டிய கால்வாய் அது, ஊருக்குள் வந்ததும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் எந்தக் குழாய் வந்து விழுகிறது, அதற்கு எத்தனை அடி தள்ளி யார் துணி துவைக்கிறார், பிள்ளைகள் எங்கிருந்து குதிக்கிறார்கள், அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எங்கே அடைத்து நிற்கிறது, மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதைவிடப் பேச்சுக் கொடுப்பது முக்கியம். துவைக்கிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகிய மூன்று பேருக்கும் தெரியாத சாக்கடை எதுவும் கிடையாது. நாங்கள் பிளாஸ்டிக் பற்றிப் பேசப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனோம். அங்கே இருந்த பெண்கள் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலில் வரும் அரிப்பு, சாயங்காலக் கொசு, பிள்ளைகளுக்கு மாசம் ஒருதரம் வரும் வயிற்றுப்போக்கு, இவைதான் அவர்கள் பேச்சு. அன்றைக்கே தலைப்பை மாற்றினோம்.

ஒரு மாசு, ஓர் உடம்பு

'சுற்றுச்சூழல் மாசு' என்பது தலைப்பு இல்லை, பள்ளிக் கட்டுரை. 'எங்கிருந்தோ வரும் ஏதோ ஒன்று, யாருடைய உடம்பிலோ எதையோ செய்கிறது' என்ற ஒரே வாக்கியத்தை எடுத்து அதில் உள்ள எங்கு, எது, யார், என்ன என்ற நாலு இடங்களையும் நிரப்பிப் பாருங்கள். குப்பைக் கிடங்கு எரியும்போது வரும் புகை, பக்கத்துக் குடியிருப்பில் உள்ள பெரியவர்களுக்கு இழுப்பைக் கூட்டுகிறது. குடிநீர்க் குழாயில் கலக்கும் சாக்கடை, சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தருகிறது. இப்படி ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பீடித் தூளைப் பற்றிச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எத்தனை வீடுகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள், அந்தத் தூள் பறக்கிற அறையிலேயே பிள்ளை தூங்குகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தட்டுதான் அந்த வீட்டுக்கு அடுப்பெரிக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, அவர்களே என்ன காட்ட வேண்டும் என்று சொல்லாமல் நாம் போய் 'புகையிலை விஷம்' என்று எழுதிவைத்தால் அது அவர்கள் முகத்தில் அடிப்பது. அந்த வேலையை இன்னும் நாங்கள் தொடவில்லை.

வாக்கியம் கிடைத்ததும் அதைச் சரிபார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள், கூட்டம் குறைந்த மதிய நேரம் நல்லது. தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம், மலக்கிருமி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. காற்று என்றால் பி.எம். 2.5 எனப்படும் நுண்தூசிக்கு ஒரு நாள் சராசரியாக நம் நாட்டில் வைத்திருக்கும் எல்லை ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ஒரே ஒரு எண் தப்பாக இருந்தால் போதும், வந்து பார்க்கிற முதல் கெமிஸ்ட்ரி வாத்தியார் அதோடு உங்கள் கதையை முடித்துவிடுவார்.

யோசனை எங்கிருந்து வரும்

அழுகிற பூமி உருண்டை, முகமூடி போட்ட மரம், சிகரெட்டில் மண்டையோடு இதெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 5-க்கு முன்னால் எங்கள் கடையில் நான் அச்சடித்துக் கொடுப்பவை இவை. ஒருவர்கூட நின்று பார்த்து நான் கண்டதில்லை.

பெங்களூரிலும் அப்புறம் டெல்லியிலும் 2018-ல் ஒன்று செய்தார்கள். காற்றை வடிகட்டும் வெள்ளைத் துணியால் பெரிய நுரையீரல் ஒன்றைச் செய்து, பின்னால் விசிறி வைத்துப் பொது இடத்தில் நிறுத்தினார்கள். வேறு எதுவும் செய்யவில்லை, ஊர்க்காற்றே சில நாளில் அதைக் கறுப்பாக்கிவிட்டது. எழுத்து வேண்டாம், விளக்கம் வேண்டாம், நேற்று சாம்பலாக இருந்தது இன்றைக்குக் கறுத்துவிட்டது என்று அந்த வழியாகப் போகிறவரே சொல்லிக்கொண்டு போவார்.

அதை அப்படியே இங்கே செய்தால் காப்பி. நம்மூரில் வெள்ளைக்கு எது அடையாளம் என்று யோசித்தபோது வேட்டிதான் வந்தது. நெல்லையில் ஒருவர் வேட்டியில் கறை பட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கடையில் ஒரே ரகத்தில் ஆறு பருத்தி வேட்டி வாங்கி, கஞ்சி போகத் துவைத்து, ஐந்தை ஐந்து இடத்தில் கடைக்காரர்கள் சம்மதத்தோடு எட்டடி உயரத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டோம். ஜங்ஷன் பேருந்து நிறுத்தம், பாளை மார்க்கெட் பக்கம், ஒரு படித்துறை, குப்பை எரிக்கும் ஒரு காலி மனைக்கு எதிர்வீடு, ஒரு பள்ளிக்கூடத்து வாசல். ஆறாவதை பீரோவில் பூட்டிவைத்தோம். அந்த ஆறாவதுதான் முக்கியம், புதியவர்கள் மறந்துபோவதும் அதைத்தான். பத்து நாள் கழித்து ஆறையும் வரிசையாகத் தொங்கவிட்டால், பீரோ வேட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் மற்றதெல்லாம் எவ்வளவு பழுத்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறது. (ஐந்து போட்டோம், நாலுதான் திரும்பி வந்தது. ஜங்ஷன் வேட்டியை யாரோ கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், நன்றாக இருக்கட்டும்.)

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. வேட்டியில் படிவது கண்ணுக்குத் தெரியும் புழுதியும் கரியும்தான். நெஞ்சுக்குள் ஆழமாக இறங்கும் நுண்தூசி தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு, அதை வேட்டி அளக்காது. அதனால் 'இந்த வேட்டி பி.எம். 2.5 காட்டுகிறது' என்று பலகையில் எழுதக்கூடாது. நாங்கள் எழுதியிருந்தோம், ஒரு டாக்டர் வந்து சொன்ன பிறகு அழித்தோம்.

யோசனை சரியா என்று பார்க்க எங்களிடம் ஆச்சி சோதனை என்று ஒன்று இருக்கிறது. சின்ன அளவில் செய்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு, தெருவில் போகிற ஓர் ஆச்சியிடம் "இது என்னன்னு நெனைக்கிய?" என்று மட்டும் கேட்க வேண்டும். நாம் வாய் திறந்து விளக்கக்கூடாது. ஆச்சி "வண்ணான் வேட்டிய எடுக்க மறந்துட்டானா" என்று கேட்டால் இன்னும் வேலை இருக்கிறது. "ஐயோ, இதத்தான் நாம மூக்குல இழுக்கமா" என்று கேட்டால் பந்தல்காரரைக் கூப்பிடலாம்.

சீசா வேலை

எங்களுக்கு அதிகம் பேர் வந்ததும், அதிகம் சிக்கல் வந்ததும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்.டூ.எஸ். சீசா என்று ஒன்று உண்டு. உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும் சின்னச் சீசா. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஊராட்சிகளுக்குக் கொடுக்கும் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியிலும் இருக்கும். குறியிட்ட அளவு தண்ணீரை ஊற்றி மூடி, வீட்டுக்குள் நம்மூர் வெக்கையிலேயே வைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் அப்படியே இருக்கும், அல்லது மை ஊற்றியது போலக் கறுக்கும். கறுத்தால், மலம் கலந்த தண்ணீரில் இருக்கும் வகைக் கிருமி அதில் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை கிருமி என்று சொல்லாது, உண்டு இல்லை என்று மட்டும் சொல்லும். படைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? சாயங்காலம் தெளிவாக இருந்த தண்ணீர் மறுநாள் கறுப்பாக நிற்கிறது, தூரிகையைத் தொடாமலே.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, வண்ணார்பேட்டை, சீவலப்பேரி என்று ஏழு இடத்தில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து ஒரு நீளப் பலகையில் வரிசையாக வைத்தோம். மேலே தெளிவாகத் தொடங்கிக் கீழே வர வரக் கறுக்கும், ஆறு அழுக்காகிற கதையை அப்படியே காட்டிவிடலாம் என்று கணக்கு. மறுநாள் காலையில் ஏழும் கறுத்திருந்தன, பாபநாசம் உட்பட. மைக்ரோபயாலஜி படித்த தம்பி ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். இது குடிநீருக்கான சோதனை, திறந்த ஆற்றில் மாடு இறங்கினாலும் பறவை எச்சம் விழுந்தாலும் கறுக்கத்தான் செய்யும், அழுக்கு அதிகம் இருந்தால் சீக்கிரம் கறுக்கும் என்பதுதான் வித்தியாசம் என்றான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எது எப்போது கறுத்தது என்று மணி குறித்திருந்தாலாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் போய்த் தூங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. குடிக்கிற தண்ணீருக்கான சோதனை என்றால் குடிக்கிற தண்ணீரையே வைப்போம் என்று, ஒரு தெருவில் வீடு வீடாகப் போய்ச் சீசா கொடுத்து, அவரவர் குடத்துத் தண்ணீரை அவரவரே ஊற்றித் தரச் சொன்னோம். ஒரே நிபந்தனை, சீசாவில் வீட்டு எண்ணோ பெயரோ கிடையாது, நாங்கள் போடும் வரிசை எண் மட்டும், எந்த எண் யாருடையது என்று அவரவருக்கு மட்டும் தெரியும். இதைச் செய்யாவிட்டால் 'அவ வீட்டுத் தண்ணி கறுத்துப்போச்சாம்' என்று ஊரெல்லாம் பேச்சாகி, பெண் பார்க்க வருகிறவர்கள் காதுவரை போய்விடும். சீசாக்களை ஒரு பழைய ஜன்னல் சட்டத்தில் அடுக்கி, பின்னால் வெள்ளைத் துணி கட்டித் தெரு முக்கில் நிறுத்தினோம். மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் எல்லோரும் வந்து தங்கள் எண்ணைத் தேடினார்கள். பெரும்பாலும் தெளிவாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த எண்ணில் நாலு சீசா மட்டும் கறுத்திருந்தது. யாரும் யார் வீடு என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் பத்து நிமிஷத்தில் ஆட்கள் தெருவின் ஒரு மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே முழுகிப் போகிறது, பல வருஷமாக அப்படித்தான் போகிறது, எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

இதைச் செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில. கறுத்த சீசாவுக்குள் கிருமி பல மடங்கு பெருகியிருக்கும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சிறுவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில், கம்பிவலைக்குப் பின்னால் வையுங்கள், யாரும் திறக்கக்கூடாது (திறந்தால் அழுகின முட்டை நாற்றம் வேறு). வேலை முடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு, திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரைமணிக்குக் குறையாமல் வைத்த பிறகுதான் கொட்ட வேண்டும், அதுவும் கழிப்பறையில், வாய்க்காலில் இல்லை. கறுத்துவிட்டது என்று ஒருவரிடம் காட்டிவிட்டுச் சும்மா வந்துவிடக் கூடாது. தண்ணீரைத் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

தொடக்கூடாதவை

2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கம் கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரிகளில் அள்ளித் திரும்ப அனுப்பியதும் ஊருக்கே தெரியும். அந்தச் சமயத்தில் எங்களில் ஒருவன் ஆவேசமாக, 'அந்த ஊசியையும் ரத்தத் துணியையும் அள்ளி வந்து அப்படியே வைப்போம்' என்றான். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியிலிருந்து எச்.ஐ.வி. வரை எதுவும் வரலாம். தவிர மருத்துவக் கழிவை எந்தப் பையில் போட வேண்டும், யார் எடுத்துப் போக வேண்டும் என்று 2016 விதிகள் இருக்கின்றன, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்து. நாம் அள்ளினால் நாமும் விதி மீறியவர்கள். மருந்துக்கடையில் ஊசி இல்லாத புது சிரிஞ்சு வாங்கி, மஞ்சள் நிறத்தை மட்டும் பெரிதாகக் காட்டினாலே பார்க்கிறவருக்குப் புரியும். நார்வேயில் 2017-ல் மைக்கேல் பின்ஸ்கி என்பவர் ஐந்து கூடாரம் அமைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வொரு ஊரின் காற்றை, டெல்லிக் காற்று உட்பட, மூச்சில் உணரும்படி செய்தார். அதில்கூட நிஜ விஷப்புகை கிடையாது, உடம்புக்குக் கெடுதல் இல்லாத வகையில் அந்த மணத்தையும் மங்கலையும் உண்டாக்கினதுதான்.

பாபநாசத்துத் துணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரிகாரம் செய்துவிட்டு ஆற்றில் விட்டுப்போகும் வேட்டி சேலைகள் அடியில் மட்கிக் கிடப்பதையும், எடுக்க எடுக்க வருவதையும் பார்த்தவர்களுக்கு உடனே ஒரு படைப்பு தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் அது யாரோ ஒருவர் அப்பாவுக்குக் காரியம் செய்துவிட்டு விட்ட துணி. அதைத் தூக்கித் தெருவில் கட்டினால் தோஷத்தைக் கொண்டுவந்து வாசலில் கட்டினான் என்று சண்டை வரும், அந்தச் சண்டையில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நாங்கள் ஒரு கோயில் ஐயரிடமும் கரையில் துணி பொறுக்குகிறவரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு, ஆற்றுத் துணியைத் தொடாமல், ஆளுக்கொரு பழைய துணி வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஆற்றில் விடாமல் கரையில் ஒரு கொடியில் போடும்படி செய்தோம். கூட்டம் குறைவுதான், திட்டு ஒன்றும் வாங்கவில்லை. நிஜமாகவே ஆற்றிலிருந்து எடுத்த எதையாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் ரப்பர் கையுறை, காலுக்கு பூட்ஸ், பிளீச்சிங் தண்ணீரில் ஊறல், நல்ல வெயில் என்ற வரிசையில் போங்கள்.

அனுமதி

ஆற்றங்கரை என்றால் நீர்வளத்துறை, கோயில் படித்துறை என்றால் அறநிலையத்துறை, சாலையோரமும் பூங்காவும் மாநகராட்சி, கிராமம் என்றால் ஊராட்சி, கூட்டம் சேரும் என்றால் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். கடிதம் ஒரு பக்கம் போதும், என்ன, எத்தனை அடி, எத்தனை நாள், யார் பிரித்து எடுப்பது என்று எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றை இணையுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள், ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் இரண்டு தடவை காணாமல் போனது. முதல் முறை செய்கிறவர்கள் பள்ளி, கல்லூரி, நூலகம், புத்தகத் திருவிழா, கொக்கிரகுளம் அறிவியல் மையம் மாதிரி இடங்களில் கேட்டுப் பாருங்கள், அலைச்சல் பாதியாகக் குறையும். எந்தக் கம்பெனி பெயரையும் ஆள் பெயரையும் பலகையில் எழுத வேண்டாம், கையில் ஆய்வக அறிக்கை இருந்தாலும் அதற்கு வேறு இடம் இருக்கிறது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள்.

கட்டுகிற வேலை

ஆனியிலிருந்து ஆவணி வரை துணி, காகிதம் எதையும் நினைக்காதீர்கள். கயத்தாறு பக்கம் காற்றாலைக்காரர்கள் சும்மாவா வந்தார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் மழை, அணை திறப்பு. தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம், என்ன, பங்குனியில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. துணியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினால் பாய்மரம் மாதிரி கம்போடு சாய்ந்துவிடும், மேலே மட்டும் கட்டிக் கீழே விட்டுவிடுங்கள், வேண்டுமானால் அடியில் ஒரு மூங்கில் கோர்த்துப் பாரம் கொடுக்கலாம். சவுக்குக் கம்பு, சணல் கயிறு, பனைநார், கோரைப்பாய், கோணிச்சாக்கு, மண்பானை இவ்வளவிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். தெர்மாகோல், மினுக்குத் தூள், ஃப்ளெக்ஸ் வேண்டாம், இதை ஃப்ளெக்ஸ்காரனே சொல்கிறேன். கம்பு நடுவதற்கு ஒரு பந்தல்காரரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அவர் போடும் முடிச்சு பத்து நாள் நிற்கும், நாம் போடுவது சாயங்காலம் வரை. எங்கள் வேலைகள் எதுவும் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

மைதாப் பசை போட்டு ஒட்டிய எதையும் ஆடு தின்னும். எங்கள் முதல் வேலையில், காகிதம் ஒட்டிச் செய்த நகரத்தில் பாதியை ஆடு தின்றுவிட்டது. பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்று ஒருவர் யோசனை சொன்னார், ஆடு செத்தால் யார் பதில் சொல்வது? உயரத்தில் கட்டுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பானைக் கதை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அதனால் காருகுறிச்சியிலிருந்து எட்டுப் பானை வாங்கி, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் அந்தந்த இடத்துச் செய்தி என்று வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. எட்டாம் நாள் டெங்கு கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா டார்ச்சோடு வந்து ஒவ்வொரு பானைக்குள்ளும் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, சுகாதாரம்னு போர்டு வச்சிட்டு உள்ள கொசு வளக்கியளே" என்றார். எட்டுப் பானையிலும் புழு நெளிந்தது. டெங்கு பரப்பும் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். முட்டை பானையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் வைக்கிற படைப்பு என்றால் வலை கட்டி மூடுங்கள், அல்லது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்து நிரப்ப ஆள் போடுங்கள். ஆள் இல்லை என்றால் தண்ணீரே வேண்டாம்.

பலகையும் ஆளும்

பத்தடி தூரத்திலிருந்து படிக்க ஓர் அங்குல உயரமாவது எழுத்து வேண்டும், வெள்ளையில் கறுப்பு, முப்பது நாற்பது சொல்லுக்குள். தண்ணீர் எங்கே எடுத்தது, எந்தத் தேதி, யார் சோதித்தது, வீட்டில் என்ன செய்யலாம், இந்த நாலும் போதும். வாழ்த்துவோர் படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

முதல் நாள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்படாமல், இந்த வாய்க்காலை இது சுத்தம் பண்ணாது என்று ஒத்துக்கொண்டுவிட்டு, அவர் வீட்டுப் பக்கம் எப்படி என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வேலைக்கு அதுதான் கரு.

பிரிப்பது

பிரிக்கிற நாளையும் பலகையிலேயே எழுதிவிடுங்கள், அன்றைக்கே பிரித்துவிடுங்கள். எந்தப் பொருள் எங்கே போகும் என்று கட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் இருக்க வேண்டும். கம்பு பந்தல்காரருக்கு, சாக்கு மாட்டுத் தொழுவத்துக்கு, பானை யார் கேட்டாலும் அவர்களுக்கு. நிரந்தரமாக ஒன்று விட்டுப்போக ஆசை இருந்தால், ஜெர்மனியில் ஜோசப் பாய்ஸ் 1982-ல் காஸல் நகரத்தில் தொடங்கி வைத்தது போல மரம் நடலாம், ஏழாயிரம் மரம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கல், அவர் இறந்த பிறகு 1987-ல்தான் கடைசி மரத்தை நட்டார்கள். நம் ஆற்றங்கரைக்கு மருதமரம் இருக்கிறது. ஏழு நட்டாலும் போதும், மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு நடுங்கள்.

வேட்டிகளைத் திரும்பத் துவைத்துப் பார்த்தோம். படித்துறை வேட்டி ஓரளவு வெளுத்தது. குப்பை எரிக்கும் மனைக்கு எதிரே தொங்கியது இரண்டு தடவை நீலம் போட்டும் வெளுக்கவில்லை, அதை நான் கடையில் பிரிண்டிங் மெஷின் துடைக்க வைத்திருக்கிறேன். பீரோவில் இருந்த ஆறாவதை யாரும் கட்டவில்லை. அடுத்த வேலைக்கு வேண்டும் என்று மடித்து வைத்திருக்கிறோம்.